மூன்றாம் அறை

சர்க்கரை ஆலை வாசலில்
நாள் முழுக்க லாரிகளை எடை போடுகிறேன்.
பீட் கிழங்கு, அதில் ஒட்டிய மண், உறைந்த பனி,
தூங்கி வழியும் ஓட்டுநர்,
எல்லாம் சேர்த்து முப்பது டன்.
ஐம்பது கிலோ கூடக்குறைய இருந்தாலும்
ஸ்காட்ஸ்பிளஃப் ஊரில் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

இரவில், துணி துவைக்கும் அறையில்,
வேறொரு தராசு.
குன்றிமணியில் பாதிதான் ஒரு கிரெயின்.
அதையும் பத்தாகப் பிரித்துக் காட்டும் முள்.
காற்றடித்தால் ஆடுகிறது என்று
ஹீட்டரை அணைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு
சாம்பல் நிற மருந்துச் செதில்களை அளக்கிறேன்.
பித்தளைக் கூட்டில் கொட்டி, ஈயக் குண்டை உட்கார வைத்து,
நெம்புகோலை இழுத்தால்
ஒரு முனகலோடு கழுத்து இறுகும்.

ரிவால்வர் நாற்பத்தைந்து.
ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கியது.
அதே ஏலத்தில் தலையில் கட்டிய
முட்டை பொரிக்கும் பெட்டி இன்னும் கராஜில் கிடக்கிறது.

"நிறையப் போடு, லவோன்" என்பார் கிளென் ஹெஸ்லர்.
"இவ்வளவு பெரிய வாயைத் திறந்து
கிசுகிசுக்கவா போகிறாய்?"

புத்தகம் சொன்ன எல்லைக்குள்
ஏழு அளவுகள், ஏழு ரொட்டிப் பைகள்.
மணல் மூட்டையில் மணிக்கட்டைச் சாய்த்து
இருபத்தைந்து கஜத்தில் ஆறு ஆறாகச் சுட்டேன்.
எந்தப் பையானாலும் அதே கதை:
ஐந்து துளைகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும்.
ஆறாவது வலப்பக்கம் மேலே,
பேச்சு முற்றி எழுந்து போனவனைப் போல.

ஈயம் கடினம் என்றேன். பிரைமரை மாற்றினேன்.
காற்றைத் திட்டினேன்.
கிளென் பக்கத்தில் நின்று சூயிங்கம் மென்றதையும்
கணக்கில் எழுதினேன்.

ஜனவரியில் ஒருநாள்
அக்கா மகள் தந்த பவள நிற நகப்பூச்சால்
உருளையின் முதுகில் புள்ளி வைத்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு வரைக்கும்.
அறைக்கு ஒரு தாள்.
மூன்றாம் அறையின் தாளைக் கழற்றும்போது
சிரிப்பு வந்தது:
அதன் குண்டுகளும் ஒற்றுமையாகத்தான் போயிருந்தன,
வலப்பக்கம், மேலே.
அதற்கும் ஒரு மையம் உண்டு.
என்னுடையதுதான் அது இல்லை.

போட்டியில் ஒரு சுற்றுக்கு ஐந்து குண்டுதான்.
மூன்றைக் காலியாக விட்டேன்.
கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

பிப்ரவரி. மூட்டை இல்லாமல், நின்றபடி, கையில்.
ஐந்தாவது பை: மூட்டையின் மேல்
ஒரு நாணயத்தால் மூடிவிடலாம் என்றிருந்த அளவு.
எண்ணிக்கை தவறி
காலி அறை சுத்தியலுக்குக் கீழே வந்தது.
கிளிக்.
வெடிக்காத அந்த நொடியில்
குழல் தரையைப் பார்த்துக் குனிந்தது.
உதை இல்லை, ஓசை இல்லை, புகை இல்லை.
குனிய வைக்க அங்கே
நான் மட்டும்தான் இருந்தேன்.

வெகுநேரம் நின்றேன். மூக்கு ஒழுகியது.
பிறகு எல்லாப் பைகளையும் கையால் சுட்டேன்,
இடையிடையே வேண்டுமென்றே ஒரு காலி அறை வைத்து.
இரண்டாவது பையில்
கிளிக் கேட்டபோது குழல் அசையவில்லை.
மூட்டையின் மேல் இரண்டு விரற்கடை பரவிய அளவு அது.
கையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நோட்டில் எழுதினேன்:
மூட்டைக்கு ஐந்தாவது.
லவோனுக்கு இரண்டாவது.

ஏப்ரலில், கெரிங் போட்டியில், நான்காம் இடம்.
கிளென் ஆறாவது. காது அடைத்துப்போய்
"என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே
என் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"எவ்வளவு போட்டாய்?"
சொன்னேன்.
"முயலுக்கா?" என்றார். தாளைத் திருப்பித் தரவில்லை.

காலை ஆறு மணிக்கு ஆலையில் இருக்க வேண்டும்.
அதற்குள் துடைத்து வைத்துவிட வேண்டும்.
நகப்பூச்சு உரிந்து
நாலு புள்ளி எது, ஐந்து புள்ளி எது என்றே தெரியவில்லை.
மூன்று மட்டும் அப்படியே இருக்கிறது.
மற்ற ஐந்துக்கும் எண்ணெய் விடும்போது
அதற்கும் ஒரு சொட்டு விடுகிறேன்.